பிள்ளைகள் கையால் ஒரு குடில்

(நமது பங்கின் வெள்ளிவிழா ஆண்டில், திருவருகைக்காலத்து முதல் ஞாயிறு மாலை, பெற்றோருக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் பங்குத்தந்தை ஆற்றிய உரை. மலர்க் குழுவினரின் விருப்பப்படி, பேசியவாறே இங்கு அச்சிடப்படுகிறது.)

அன்பார்ந்த பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, யாரும் கூப்பிடாமலே வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் பிள்ளைகளே,



சென்ற வாரம் திருப்பலி முடிந்து நான் வெளியே வரும்போது ஒரு தாய் என்னை நிறுத்தினார். "சாமி, எங்க வீட்டுக்காரர் அடுத்த வாரம் ராசிபுரம் போறாருங்க. நட்சத்திரமும் குடில் பொம்மையும் வாங்கிக்கிட்டு வரச் சொல்லட்டுங்களா? பக்கத்து வீட்டுல வாங்கிட்டாங்க. பிள்ளைங்க அழுவுதுங்க" என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டத்துக்கு வாங்கம்மா, சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா இப்போது வந்திருக்கிறார். எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

வாங்கக்கூடாது என்று சட்டம் போட நான் வரவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன்னே ஒரு பழைய கதையைக் கேளுங்கள். புதிதாகப் புனைந்த கதை அன்று; நடந்த வரலாறு.

1223-ஆம் ஆண்டு. இத்தாலி நாட்டில் ரியேத்திப் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைச்சரிவில் கிரேச்சியோ என்றொரு சிற்றூர். நம் ஊரைப்போல மலையூர்தான். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஏறக்குறைய 15 நாள் இருக்கும்போது, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், அவ்வூரில் தமக்கு வேண்டியவரான யோவான் என்பவரை அழைத்து, ஒரு தீவனத்தொட்டியும், கொஞ்சம் வைக்கோலும், ஒரு மாடும், ஒரு கழுதையும் ஆயத்தம் செய்யச் சொன்னார். பெத்லகேமில் பாலன் எந்த ஏழ்மையில் படுத்திருந்தார் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஊர்மக்கள் பந்தமும் மெழுகுவர்த்தியும் ஏந்தி இரவில் மலையேறி வந்தார்கள். தீவனத்தொட்டிக்கு மேலேயே திருப்பலி நடந்தது. பிரான்சிஸ் குரு அல்லர், திருத்தொண்டர். ஆகவே நற்செய்தியைப் பாடி, மறையுரை ஆற்றினார். இதையெல்லாம் சில ஆண்டுகளுக்குள்ளேயே செலானோ ஊர்த் தோமா என்ற துறவி எழுதி வைத்தார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குடிலுக்குச் சுரூபம் எதுவும் கடையில் வாங்கப்படவில்லை. ஊரில் இருந்த மாடு, ஊரில் இருந்த வைக்கோல், ஊரில் இருந்த தொட்டி. அவ்வளவுதான். விழா முடிந்ததும் மக்கள் அந்த வைக்கோலை வீட்டுக்கு எடுத்துப்போய் நோயுற்ற மாடுகளுக்குக் கொடுத்தார்கள் என்றும், அவை நலமடைந்தன என்றும் தோமா எழுதுகிறார். மாடு வைத்திருக்கும் உங்களுக்கு அந்த மக்களின் மனம் எளிதில் விளங்கும். நகரத்துச் சாமிமார்களுக்கு நான் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குடிலில் நாம் வைக்கும் மாடும் கழுதையும் லூக்கா நற்செய்தியில் கிடையா. தேடிப் பாருங்கள். தீவனத்தொட்டி உண்டு, துணிகளில் சுற்றுவது உண்டு, இடையர்கள் உண்டு. மாடும் கழுதையும் எசாயா இறைவாக்கினரின் முதல் அதிகாரத்திலிருந்து கிறிஸ்தவ மக்களின் மனத்தில் நுழைந்து, அங்கிருந்து குடிலுக்குள் வந்தவை. ஆதலால் உங்கள் பிள்ளை குடிலில் ஒரு கோழியையோ, எருமையையோ, வீட்டு நாயையோ கொண்டுவந்து வைத்தால், மறைக்கல்வி ஆசிரியர்கள் தயவுசெய்து அதட்ட வேண்டாம். 2019 டிசம்பர் 1-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சியோவுக்குப் போய், குடிலைப் பற்றி ஒரு திருத்தூது மடலில் கையொப்பமிட்டார். குடும்பங்களில் குடில் அமைக்கும் வழக்கத்தைக் காக்க வேண்டும், மறைந்துபோன இடத்தில் மீண்டும் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எப்படி அமைக்கிறோம் என்பதைவிட அது நம் வாழ்க்கையோடு பேச வேண்டும் என்பதே அம்மடலின் கருத்து. அவர் 2025-இல் இறைவனடி சேர்ந்துவிட்டார், மடல் இருக்கிறது.

சரி, இதெல்லாம் தெரிந்த சாமியார் ஒழுங்காக நடந்துகொண்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் குருவாகிச் சில ஆண்டுகளே ஆன காலம். சமவெளியில் ஒரு பங்கில் இருந்தேன். அந்த ஆண்டு பிள்ளைகளைக் கூட்டிக் களிமண்ணில் குடில் பொம்மைகள் செய்ய வைத்தேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் ஓர் ஆடு செய்தான். நாலு காலில் அது நிற்கவில்லை. முன்னால் சாய்ந்துகொண்டே இருந்தது. அவன் யோசித்துப் பார்த்து, நடுவில் ஐந்தாவதாக ஒரு கால் வைத்தான். ஆடு நின்றுவிட்டது. எல்லாரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். குடிலில் தீவனத்தொட்டிக்குப் பக்கத்திலேயே அதை வைத்தான்.

டிசம்பர் 24-ஆம் நாள் மதியம், ஒரு நன்கொடையாளர் நகரத்திலிருந்து பாரிஸ் சாந்தில் செய்த சுரூபத் தொகுதி ஒன்றை அனுப்பிவைத்தார். அழகான சுரூபங்கள். தங்க விளிம்பு போட்ட அங்கி, நீலக் கண்கள். அன்றிரவு பூசைக்கு அவரும் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. நான் என்ன செய்தேன்? பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, களிமண் பொம்மைகளையெல்லாம் எடுத்து ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுச் சக்கிறீஸ்தில் வைத்துவிட்டு, புதுச் சுரூபங்களைக் குடிலில் அடுக்கினேன். விழா சிறப்பாக நடந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

மறுநாள் காலை அந்தப் பையன் உபதேசியாரிடம் கேட்டு, பெட்டியைத் தேடி, தன் ஆட்டை எடுத்து ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஆண்டு குடில் வேலைக்கு அவன் வரவில்லை. ஏன் என்று அவன் தாயிடம் விசாரித்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அது சாமிக்குப் பிடிக்கலையாம்னு சொல்லுறானுங்க."

சாமிக்குப் பிடிக்கவில்லை! அவன் சொன்ன சாமி நானா, ஆண்டவரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பல ஆண்டுகள் மறைக்கல்வி நடத்தியிருக்கிறேன். அந்த ஒரு மதியத்தில் அந்தப் பிள்ளைக்கு நான் நடத்திய பாடம் எது என்பதை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பங்குக்கு வந்த முதல் ஆண்டே, பிள்ளைகள் செய்ததை ராத்திரியில் யாரும் திருத்தக்கூடாது என்று சொல்லிவைத்தேன். கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும். நீங்களும் வீட்டில் அப்படியே செய்யுங்கள். பிள்ளையோடு சேர்ந்து செய்யுங்கள். பிள்ளைக்குப் பதிலாகச் செய்துவிடாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் வைக்கோல்.

சில ஆண்டுகளுக்கு முன் பீடச் சிறுவர்களை அனுப்பி, "குடிலுக்குச் சாமைத்தாள் கொண்டுவாருங்கள், நெல் வைக்கோல் வேண்டாம்" என்றேன். நம் மலையின் தானியம் சாமையல்லவா? சாமைத்தாள் மென்மையானது, பிள்ளைகள் கைக்கும் குத்தாது. காலையில் போனவர்கள் மதியம் கழித்து வெறுங்கையோடு வந்தார்கள். "சாமி, எல்லா இடத்திலயும் மரவள்ளிதாங்க" என்றார்கள். கடைசியில் ஒரு பாட்டியின் கொல்லையில் ஒரு கட்டுக் கிடைத்தது. பாட்டியம்மாள் சும்மா கொடுக்கவில்லை. "இது கட்டவெட்டிச் சாமையா, மல்லியச் சாமையா, பெருஞ்சாமையா, சொல்லுங்கடா" என்று கேட்டிருக்கிறார். ஒருவனுக்கும் தெரியவில்லை. தெரிந்துகொண்ட பிறகுதான் கட்டை அவிழ்த்தாராம். மறைக்கல்வித் தேர்வைவிடக் கடினமான தேர்வு!

சேலம், நாமக்கல் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி போகிறது, கையில் ரொக்கம் வருகிறது. சாமையை உரலில் குத்தி அரிசியாக்கும் பாடு பெண்களுக்குத்தான் தெரியும். ஆகவே மரவள்ளி போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து நம் கொல்லிமலையில் இந்தச் சிறுதானிய விதைகளைக் காப்பாற்றப் பாடுபட்டிருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கிரேச்சியோ குடிலுக்கு 800 ஆண்டு நிறைந்ததும் அதே 2023-இல்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டு நான் பிரசங்கம் செய்யப் போவதில்லை. ஆனால் அந்த ஆண்டு நம் கோயில் குடிலில் பாலன் படுத்திருந்தது சாமைத்தாளின் மேல்.

வைக்கோலை வைத்துச் செய்யும் ஒரு பழைய கத்தோலிக்க வழக்கம் உண்டு. உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். இன்றைக்கே வீட்டில் ஒரு சிறு தொட்டியை வையுங்கள். கொட்டாங்கச்சி போதும், பாக்குமட்டையை மடித்துத் தைத்தாலும் போதும். அது வெறுமையாக இருக்கட்டும். பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்த நாளில், தானே ஒரு தாளை எடுத்து அதில் போடட்டும். தம்பிக்கு விட்டுக்கொடுத்தது, பாட்டிக்குத் தண்ணீர் எடுத்துவந்தது, பொய் சொல்லாமல் அடி வாங்கியது, எதுவானாலும் சரி. 24-ஆம் நாள் இரவுக்குள் பாலனுக்கு மெத்தை தயாராகிவிடும். கணக்குக் கேட்காதீர்கள். நீங்களும் போடலாம். அப்பா ஒரு மாலை குடிக்காமல் வீடு வந்தால் அதற்கும் ஒரு தாள் உண்டு. ஆண்கள் பக்கம் கொஞ்சம் அமைதியாக இருக்கிறதே!

அடுத்து, பொம்மை. ஓடைக்கரைக் களிமண் நல்லது. கல்லும் வேரும் பொறுக்கி, ஒரு நாள் ஊறவைத்து, பொடியாக நறுக்கிய தாளையோ பஞ்சையோ கொஞ்சம் கலந்து பிசைந்தால் வெடிக்காது. பிள்ளைகள் முதலில் கை, கால், விரல் எல்லாம் மெல்லிசாக வைப்பார்கள். காய்ந்ததும் ஒடிந்துவிடும், அழுவார்கள். ஆகவே முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பதுபோல, அடி அகன்று மேலே குறுகிய கூம்பாகச் செய்யச் சொல்லுங்கள். மாதாவும் சூசையப்பரும் அப்படியே அமைந்துவிடுவார்கள். தலைக்கு ஓர் உருண்டை. உள்ளே ஈர்க்குச்சி ஒன்றைச் செருகி உட்கார வையுங்கள். வெயிலில் வைக்காமல் நிழலில் நான்கைந்து நாள் காயட்டும். நம் பனிக்கு ஒரு வாரம்கூட ஆகும். சுண்ணாம்பு வெள்ளைக்கு, காவிக்கல் சிவப்புக்கு, அடுப்புக்கரி கறுப்புக்கு, மஞ்சள் மஞ்சளுக்கே. சுண்ணாம்பு மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடக்கூடாது. ஆட்டுக்குக் கண்ணாக மிளகு வைக்கலாம். மேலே பழைய தலையணையிலிருந்து இலவம்பஞ்சு எடுத்து ஒட்டலாம். அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்!

பாலன் இயேசுவை மட்டும் கடைசியில், ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே செய்யட்டும். கட்டைவிரல் அளவு போதும். 1969-லிருந்து உரோமை நகரத்துப் பிள்ளைகள் திருவருகைக்கால மூன்றாம் ஞாயிறன்று தங்கள் வீட்டுக் குடிலின் பாலனைப் புனித பேதுரு சதுக்கத்துக்குக் கொண்டுபோகிறார்கள், திருத்தந்தை மந்திரிக்கிறார். நாம் உரோமைக்குப் போக வேண்டியதில்லை. மூன்றாம் ஞாயிறு திருப்பலிக்கு உங்கள் பாலனைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். நான் மந்திரித்துத் தருகிறேன். மூக்கு இல்லாத பாலனானாலும் சரி.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். இதில்தான் பையன்களுக்கு ஆசை அதிகம். சிலேட்டில் கையெடுக்காமல் ஐந்து கோட்டில் நட்சத்திரம் போடுவீர்கள் அல்லவா? அந்த ஐந்து கோடுதான் ஐந்து மூங்கில் தப்பை. ஒரு முழ நீளத்தில், ஒரே அளவாக, மெல்லிசாகச் சீவிய தப்பைகள். சிலும்பு குத்தாமல் பெரியவர்கள் வழித்துக் கொடுங்கள். முனைகளையும், நடுவில் ஒன்றையொன்று வெட்டும் இடங்களையும் நூலால் கட்டுங்கள். இதேபோல இன்னொன்று செய்து, இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து, ஐந்து முனைகளையும் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு நடுவிலுள்ள ஐந்து வெட்டும் இடங்களில், நான்கு விரற்கடைக் குச்சி ஒவ்வொன்றாக இரண்டுக்கும் நடுவே நெம்பிச் செருகினால், நட்சத்திரம் மூச்சு வாங்கியதுபோல உப்பி நிற்கும். பத்துத் தப்பை, ஐந்து குச்சி, ஒரு நூல்கண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டுக் கத்தோலிக்க மக்கள் 'பரோல்' என்று சொல்லி வீட்டுக்கு வீடு கட்டும் நட்சத்திர விளக்கும் மூங்கிலும் காகிதமும் கொண்டு இப்படிப் பிறந்ததுதான்.

காகிதம் ஒட்டப் பசை கடையில் வேண்டாம். மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சினால் முதல்தரமான பசை. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் புழங்கும் பசையில் வேண்டவே வேண்டாம். நம் ஊர் மூடுபனியில் காகிதம் ஈரம் வாங்கித் தொய்ந்துவிடும். ஆகவே தாழ்வாரத்துக்கு உள்ளே தள்ளிக் கட்டுங்கள். வண்ணத்தாள் இல்லாதவர்கள் சில்வர் ஓக் இலையைப் பாருங்கள். மிளகுக்கொடி ஏறியிருக்கும் அந்த மரத்தின் இலை ஒருபுறம் பச்சை, திருப்பினால் வெள்ளி. உதிர்ந்த இலையைப் பொறுக்கி வெள்ளிப்புறம் தெரிய ஒட்டிப் பாருங்கள். டிசம்பரில் காப்பிப் பழம் சிவந்திருக்கும். தோட்டக்காரர் அனுமதியோடு ஒரு கை பறித்துக் கோத்தால் அதுவே தோரணம்.

ஒரு கண்டிப்பு. நட்சத்திரத்துக்குள் மெழுகுவர்த்தியோ அகலோ வைக்கக்கூடாது. நான் சிறுவனாக இருந்தபோது வைத்தேன். நட்சத்திரம் போயிற்று, திண்ணை ஓலையில் பாதி போயிற்று, என் அப்பாவிடம் வாங்கியது இப்போதும் நினைவில் இருக்கிறது. சிறிய எல்.இ.டி. பல்பு போதும், அது சூடாவதில்லை. ஒயர் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள்.

குடிலுக்குப் புல் வேண்டுமே என்று சோலைக்குள் போய்ப் பாறைப் பாசியையும் பெரணியையும் பெயர்த்து வராதீர்கள். வளர அதற்கு எத்தனையோ காலம் பிடித்திருக்கும், நமக்கோ பத்து நாள் அலங்காரம். கேழ்வரகு விதையுங்கள். நம் குளிருக்கு டிசம்பர் 12, 13-க்குள் விதைத்துவிட வேண்டும். கொட்டாங்கச்சியில் சாணி எருவும் மண்ணும் போட்டு, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, ஈரத்துணி மூடி வைத்தால், விழாவுக்கு விரல் உயரப் பசும்புல் நிற்கும். ஹங்கேரி, குரோவேஷியா நாட்டு மக்கள் டிசம்பர் 13, புனித லூசியாள் திருநாளில் இதேபோலத் தட்டில் கோதுமை விதைத்துக் கிறிஸ்துமஸ் மேசையில் வைப்பார்கள். முளைப்பாரி தெரிந்த நமக்கு இது புதிதல்ல. தினமும் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை வீட்டிலேயே சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் அது எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்.

இப்போது, சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததைச் சொல்கிறேன்.

"எங்கள் வீட்டில் யாரோடு உட்கார்ந்து செய்வது, சாமி?" என்று கேட்கும் பிள்ளைகள் இந்தப் பங்கில் இருக்கிறார்கள். அப்பா திருப்பூர் பனியன் கம்பெனியில். அல்லது நாமக்கல் கோழிப்பண்ணையில். அல்லது மிளகும் காப்பியும் பறிக்கக் கேரளத்திலோ குடகிலோ. அம்மாவும் கூடப் போயிருப்பார். பிள்ளை பாட்டியிடம், அல்லது விடுதியில். விடுமுறைக்கு 23-ஆம் நாள் வரும், ஜனவரியில் திரும்பிப் போகும். வயிற்றுப்பாட்டுக்குப் போகிறவர்களைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஜெர்மனியில் மொராவிய சபையார் என்றொரு பிரிந்த சகோதரர் கூட்டம் உண்டு. அவர்களுடைய நீஸ்கி ஊர்ப் பள்ளியில் 1830-களில் கணக்குப் பாடத்துக்காகக் காகித நட்சத்திரம் செய்யத் தொடங்கினார்கள். வேதபோதகர்களாகத் தூர தேசங்களுக்குப் போய்விட்ட பெற்றோரின் பிள்ளைகள் அச்சபையின் விடுதிகளில் இருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் திருவருகைக்கால முதல் ஞாயிறன்று அந்தப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து நட்சத்திரம் கட்டுவார்கள். ஐரோப்பாவில் புகழ்பெற்ற அந்த நட்சத்திரம் தாய் தந்தையைப் பிரிந்த பிள்ளைகள் கையில் வளர்ந்தது.

அவ்வளவு தூரம் ஏன்? 1914-இல் பிறந்த ஒரு பிள்ளை நம் கொல்லிமலையிலேயே வளர்ந்தது. பால் பிராண்ட். அவருடைய தந்தையார் ஜெஸ்ஸி பிராண்டும் தாயார் எவலினும் வாழவந்தி நாட்டில் தங்கி மருத்துவமும் மறைப்பணியும் செய்த சீர்திருத்த சபையினர். பிள்ளை மரத்தின் மேல் உட்கார்ந்து பாடம் படித்ததாம்! 9 வயதில், 1923-இல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் தந்தையை அவர் பார்க்கவேயில்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி நம் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். தந்தி போய்ச் சேர்ந்த பிறகும், அவர் மகனுக்கு எழுதிய கடிதம் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அந்த மகன் முதலில் கட்டட வேலையும் தச்சும் கற்றார், பிறகு மருத்துவரானார். 1946-இல் வேலூர் வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து மீண்டும் நிமிரச் செய்த உலகப் புகழ்பெற்ற கை மருத்துவர் அவர். நிமிர்ந்த கைகளுக்கு வேலை வேண்டுமே என்று, அந்த நோயாளிகளுக்கு மரவேலையும் பொம்மை செய்யவும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். 2003-இல் மறைந்தார். அவர் நம் சபையினர் அல்லர். ஆனாலும் இந்த மலையில் பிள்ளைகளின் கையைப் பற்றிப் பேசிவிட்டு அவர் பெயரைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

வெளியூரில் இருக்கும் அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் இருப்பவர்கள் போனில் சொல்லிவிடுங்கள். வரும்போது பொம்மை வாங்கி வர வேண்டாம். ஒரு நாள் முன்னதாக வரட்டும். அந்த ஒரு நாள் மாலை பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து தப்பை சீவட்டும். வரவே முடியாதவர்கள் ஒரு கடிதம் எழுதி அனுப்பட்டும். நான்கு வரி போதும். எழுதத் தெரியாவிட்டால் யாரிடமாவது சொல்லி எழுதட்டும். குடிலில் சூசையப்பருக்குப் பக்கத்தில் அந்தக் கடிதத்தைப் பிள்ளை வைக்கட்டும். பாட்டி, தாத்தாக்களே, உங்களுக்கு மூங்கில் சீவத் தெரியும், நார் உரிக்கத் தெரியும், கூடை முடையத் தெரியும். பேரப்பிள்ளைக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. நட்சத்திரத்தின் முதல் முடிச்சை எனக்குப் போடக் கற்றுக்கொடுத்தவர் நம் பங்கின் ஒரு பெரியவர். இங்கேதான் தூணில் சாய்ந்து தூங்குகிறார்.

இந்த ஆண்டு குடில் போட்டி கிடையாது. ஆம், முணுமுணுப்புக் கேட்கிறது. அன்பியங்களுக்குள் பரிசு வைத்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தெர்மோகோல் மலை வந்தது, மோட்டார் வைத்த அருவி வந்தது, சீரியல் விளக்கு வந்தது. பிள்ளைகள் "தொடாதே, தொடாதே" என்று தள்ளி நிறுத்தப்பட்டார்கள். முதல் பரிசு பெற்ற குடிலை ஒரு பிள்ளைகூடத் தொட்டிருக்கவில்லை. அந்தத் தெர்மோகோல் துண்டுகள் தைமாதம் வரை ஓடையில் மிதந்தன. பரிசுப் பணத்துக்கு வண்ணத்தாளும் நூலும் வாங்கி எல்லாருக்கும் பகிர்ந்துவிடலாம் என்று பங்குப் பேரவையில் முடிவு செய்திருக்கிறோம். 26-ஆம் நாளிலிருந்து நான் வீடு வீடாக வருவேன். மதிப்பெண் போட அல்ல. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை தன் குடிலை எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா வாயைத் திறக்கக்கூடாது. கோயில் குடிலிலும் இந்த முறை களிமண் பொம்மைகள்தாம். சுரூபங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. வெள்ளிவிழாத் திருப்பலிக்கு விருந்தினர் வந்தாலும் மாற்ற மாட்டேன்.

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கோயில் முன் கூடுவோம். மழையாயிருந்தால் மறைக்கல்வி வகுப்புத் தாழ்வாரத்தில். களிமண்ணுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். மூங்கில் வெட்ட அரிவாளோடு பெரியவர்கள் ஐந்தாறு பேர் வாருங்கள். பசை காய்ச்சச் சகோதரிகள் அடுப்புத் தருகிறார்கள். சாமைத்தாள் வைத்திருப்பவர்கள் ஒரு கட்டுக் கொடுத்து உதவுங்கள். தேர்வு எழுதவும் தயாராக இருக்கிறோம். பிள்ளைகள் பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

அந்த அம்மாவுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் ராசிபுரம் தாராளமாகப் போய்வரட்டும் அம்மா. வரும்போது வண்ணத்தாள் நாலு, கட்டுநூல் ஒரு கண்டு, சின்ன பல்பு ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.